அண்ணாமலைச் சீமையும் இரண்டு கம்பெனிகளும்

திருவண்ணாமலைக் கோயிலின் உயர்ந்த வெளிமதில் 18ஆம் நூற்றாண்டில் கோட்டைச் சுவராகவும் பயன்பட்டது. 1753க்கும் 1790க்கும் இடையே இந்தக் கோயில் பத்து முறை முற்றுகையிடப்பட்டது, ஆறு முறை பிடிபட்டது என்று பிரிட்டிஷ் காலத்து கெசட்டியர் கணக்குச் சொல்கிறது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள், மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் என்று பலரும் கோபுர வாசல் வழியாகத் துருப்புகளோடு நுழைந்திருக்கிறார்கள். கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு சிவத்தலம் ஏன் இத்தனை பேருடைய கண்ணில் பட்டது? செங்கம் கணவாய்க்கு வாசலில் இருக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். மைசூர் மேட்டிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் பாதை அது. பதில் சரிதான். ஆனால் அந்தப் பாதையில் படைகள் ஓயாமல் ஏறி இறங்கியதற்கான காரணத்தைத் தேடினால் அது கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் அங்கே துணிக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன.

திருவண்ணாமலையில் டச்சுக் கோட்டையோ கல்லறையோ கிடையாது. அதனால் டச்சு–ஆங்கிலப் போட்டி பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் கதையாகவே எழுதப்பட்டுவிட்டது. உள்நாட்டிலிருந்து பார்த்தால் அந்த வரலாறு வேறு மாதிரி தெரிகிறது. போட்டி இருந்த காலத்தில் நெசவாளிக்குப் பேரம் பேச ஓர் இடம் இருந்தது. அதே காலத்தில், தறியும் நிலமும் இல்லாத ஏழை கப்பலேற்றி விற்கப்பட்டார். போட்டி ஓய்ந்தபோது நெசவாளிக்கு இருந்த இடமும் பறிபோனது. ஏழைக்கோ கப்பல் மட்டும் நிற்கவில்லை.

தொடக்கம் செஞ்சியில். 17ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் திருவண்ணாமலை செஞ்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. 1608இல் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று, இன்றைய கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இறங்கினார்கள். போர்த்துகீசியர் உடனே கொதித்தெழுந்து, நாயக்கருக்கு மேலே இருந்த விஜயநகர அரசர் வேங்கடரிடம் முறையிட்டார்கள். புதிதாக வந்தவர்களை விரட்டும்படி அவரும் உத்தரவிட்டார். ஆனால் 1610இல் அதே வேங்கடர் டச்சுக்காரருக்குப் பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய இடம் கொடுத்தார். 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. அக்காலத்து அரசர்கள் ஐரோப்பியரைக் கண்டு மயங்கியதாக நான் நினைக்கவில்லை. ஒருவரை வைத்து இன்னொருவரை அடக்கலாம், துறைமுகச் சுங்கம் பெருகும், போருக்குக் குதிரையும் பீரங்கியும் கிடைக்கும் என்று அவர்கள் போட்ட கணக்கு அன்றைய நிலைமைக்குப் பொருந்தியதே. ஆனால் ஒரு துறைமுகத்தை ஒரு கம்பெனிக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சாசனம் பிற்பாடு எப்படியெல்லாம் நீளும் என்பதை அன்று யாரும் ஊகித்திருக்க முடியாது.

அந்தச் சாசனத்துக்கு மறு ஆண்டே வேலை வந்தது. 1611 ஆகஸ்டில் ‘குளோப்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. அதில் வந்த வியாபாரிகளில் முக்கியமானவர் பீட்டர் ஃப்ளோரிஸ். முன்பு டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு ஆங்கிலேயரிடம் சேர்ந்த டச்சுக்காரர் அவர். டச்சுத் தலைவர் வான் வெசிக் அரசரின் கௌலை, அதாவது அனுமதிச் சாசனத்தைக் காட்டி, தங்கள் அனுமதி இல்லாமல் எந்த ஐரோப்பியரும் இங்கே வியாபாரம் செய்ய முடியாது என்று தடுத்துவிட்டார். ஆங்கிலேயர் வடக்கே மசூலிப்பட்டினத்துக்குப் போனார்கள். நம் அரசர் கொடுத்த ஓலையைக் காட்டி ஓர் ஐரோப்பியர் இன்னோர் ஐரோப்பியரைத் துரத்திய ஆரம்பகாலக் காட்சிகளில் இது ஒன்று.

இத்தனை போட்டிக்கும் காரணம் துணிதான். டச்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் வேண்டியிருந்தது மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பாண்டா தீவுகளின் ஜாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்கள் ஐரோப்பியக் கம்பளியைச் சீண்டமாட்டார்கள். வெள்ளிக்காசைவிடவும் சோழமண்டலத்துத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணி இந்தோனேசியத் தீவுகளில் பணம் போலவே புழங்கியது. ஆக, செஞ்சிச் சீமையில் பாவு நீட்டிய நெசவாளியின் கைவேலைக்கு விலை வைத்தது ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒரு தீவுச்சந்தை.

அந்தத் தீவுகளில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1621இல் யான் பீட்டர்சூன் கூன் தலைமையிலான டச்சுப் படை பாண்டா தீவுகளைப் பிடித்தது. ஆங்கிலேயருக்கும் மற்றவர்களுக்கும் ஜாதிக்காய் விற்றார்கள் என்பது பாண்டா மக்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகக் கருதப்படும் அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் மடிந்தார்கள், பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1623இல் அம்போன் தீவில் பத்து ஆங்கிலேயரை டச்சுக்காரர்கள் தலைவெட்டிக் கொன்றது லண்டனில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டது. அவர்களோடு கொல்லப்பட்ட ஜப்பானியக் கூலிவீரர்களை அங்கே நினைத்தவர்கள் குறைவு. பாண்டா மக்களை நினைத்தவர்கள் இன்னும் குறைவு. ஆள் இல்லாமல் போன அந்த ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கும், ஜாவாவில் கூன் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பத்தாவியாவுக்கும் வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். நம் கரையிலிருந்து அடிமைக் கப்பல்கள் புறப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி நெசவாளிக்கு இந்தப் போட்டியால் கிடைத்ததைப் பார்ப்போம். கம்பெனி நேரடியாகத் தறிக்கு வராது. செட்டி வியாபாரிகளிடம் முன்பணம் கொடுக்கும். அவர்கள் தலைமை நெசவாளி மூலம் ஊர் ஊராக முன்பணம் பட்டுவாடா செய்வார்கள். கைக்கோளர், தேவாங்கர், சாலியர், சேடர் வீடுகளில் அந்தப் பணம் நூலாகவும் அரிசியாகவும் மாறும். துணி கரைக்கு வந்ததும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தரம் குறைந்தது என்று தள்ளினால், நெசவாளி அதை வேறு ஆளிடம் விற்கலாம். அதைவிடப் பெரிய உரிமை ஒன்றும் இருந்தது. வேறொருவர் கூடுதல் விலை கொடுத்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை அவருக்கே விற்கலாம். நடுவில் துணி விலை ஏறினால் லாபம் நெசவாளிக்கு. இறங்கினால் முன்பணம் கொடுத்தவருக்கு நஷ்டம். இந்த வழக்கத்தைப் பிரசன்னன் பார்த்தசாரதி தம் ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கம்பெனி அதிகாரிகளுக்கு இது தீராத தலைவலி.

வாங்குகிறவர்கள் பலர் இருந்தால்தான் இந்த உரிமைக்குப் பலம். டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் இருந்தார்கள். டேனியர் 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்தார்கள். மரக்காயர்களும் ஆர்மீனியர்களும் சொந்தக் கப்பல் விட்டார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு சேர்ந்து இருக்கப் பார்த்து முடியாமல் போன ஆங்கிலேயர், ஆர்மகானை விட்டுவிட்டு 1639இல் சென்னைக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இடங்களைவிட இங்கே துணி ஐந்தில் ஒரு பங்கு மலிவு என்று ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே எழுதியதே அதற்குப் போதுமான காரணம். பழவேற்காட்டிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் எதிராளி கடை விரித்தது டச்சுக்காரருக்கு எரிச்சல். நெசவாளிக்கு இன்னொரு கதவு திறந்தது. விலை கட்டுப்படியாகாவிட்டால் தறியைப் பிரித்துக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வேறு சீமைக்குப் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க உள்ளூர்த் தலைவர்கள் வரிக்கழிவு தர வேண்டியிருந்தது. 1734இல் ஆங்கிலேயர் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளிகளுக்கென்றே அமைத்து, வீடு கட்டக் கடனும் வேலைக்கு முன்பணமும் தந்தது இதனால்தான். அழைத்தால் மட்டும் வரக்கூடிய ஆட்கள் என்பதால்தான் அழைத்தார்கள்.

இந்தச் சுதந்திரத்தை மிகையாகச் சொல்லக் கூடாது. பஞ்சம் வந்தால் நெசவாளியும் வீழ்ந்தார். நூல் விலையும் அரிசி விலையும் ஒருசேர ஏறினால், தறி இருந்தும் பட்டினிதான். தறியும் இல்லாதவர்கள் நிலை என்ன என்பதற்கு டச்சுக் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களே சாட்சி.

டச்சு ஆவணங்களை ஆராய்ந்த மார்கஸ் விங்க் தரும் எண்கள் இவை. 1645–46இல் விஜயநகர அரசருக்கும் நாயக்கர்களுக்கும் நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்தபோது, இந்தக் கரையிலிருந்து 2,000க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக ஏற்றுமதியானார்கள். 1659–61இல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியபோது 8,000 முதல் 10,000 பேர் போனார்கள். 1694–96இல் மீண்டும் போர் மூண்டபோது 3,859 பேர் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். உள்நாட்டில் போர் நடந்த ஆண்டுகளும் கரையில் அடிமை ஏற்றுமதி உயர்ந்த ஆண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன. பட்டினியில் பிள்ளையை விற்ற தாய்தகப்பன், தன்னையே விற்றுக்கொண்டவன், போரில் பிடிபட்டவன், தரகன் ஏமாற்றிக் கூட்டிவந்தவன் எல்லாரும் அந்தக் கணக்கில் ஒரே எண்ணாக அடங்கிவிட்டார்கள். செஞ்சி, வந்தவாசி, திருவண்ணாமலை வட்டாரம் அந்தப் போர்களின் பாதையில் கிடந்தது.

போனவர்களின் ஊர்ப்பெயர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் ஆவணங்களில் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. டச்சுக்காரர் அடிமைக்கு ஒரு புதுப்பெயர் வைத்து, பின்னால் ஊரைச் சேர்ப்பார்கள். ‘பழவேற்காட்டைச் சேர்ந்த’, ‘நாகப்பட்டினத்தைச் சேர்ந்த’, ‘சோழமண்டலத்தைச் சேர்ந்த’ என்று பல பெயர்கள் முடிகின்றன. அந்த ஊர்கள் பெரும்பாலும் கப்பல் ஏறிய துறைமுகங்கள். ஒருவர் பிறந்தது போளூர்ப் பக்கமா, செங்கம் பக்கமா என்று எழுதிவைக்க அந்தக் கணக்குப்பிள்ளைக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. உள்நாடு வரலாற்றிலிருந்து விழுந்துபோனது இப்படித்தான்.

ஆங்கிலேயர் இந்த விஷயத்தில் மேலானவர்கள் என்று சொல்ல இடமில்லை. சென்னையிலிருந்தும் அடிமைகள் கப்பலேறினார்கள். 1687இல் தலைக்கு ஒரு வராகன் தீர்வை விதித்து அந்த வியாபாரத்தை ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையே முறைப்படுத்தியது. அந்தக் காலத்தில் இதற்கு எதிராக எழுந்த உறுதியான உத்தரவு ஒன்று சிவாஜியினுடையது. 1677இல் அவர் செஞ்சியைப் பிடித்து இந்தச் சீமையைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அந்த ஆகஸ்டில் டச்சுக்காரருக்கு வழங்கிய கௌலில், முந்தைய ஆட்சியில் ஆண், பெண் அடிமைகளை வாங்கிக் கொண்டுபோனது போல் இனி செய்யக் கூடாது, கொண்டுபோக முயன்றால் என் ஆட்கள் தடுப்பார்கள் என்ற கருத்துப்பட எழுதியிருந்தார். வியாபாரச் சலுகை தரும் ஓலையிலேயே இந்த நிபந்தனை இருந்தது என்பது என் கண்ணில் பெரிய விஷயம். துறைமுகச் சுங்கத்தை இழக்கவும் தயாரான ஓர் ஆட்சியால் அப்படி எழுத முடிந்திருக்கிறது. அப்படியென்றால் மற்றவர்களாலும் எழுதியிருக்க முடியும்.

சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்ததும் மொகலாயர் முற்றுகை தொடங்கி, எட்டு ஆண்டுகள் இழுத்தது. பணத்துக்குத் திண்டாடிய மராட்டிய அரசு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு விட்டது. டச்சுக்காரர் முதன்முதலில் கால் வைத்த அதே ஊர். 1690இல் அதைச் சென்னை கவர்னர் எலிஹு யேலின் ஆட்கள் வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம்வரை உள்ள நிலம் வாங்குபவருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். கடலூரும் சுற்றுக் கிராமங்களும் அந்த எல்லைக்குள் வந்தன. ‘குண்டு கிராமம்’ என்ற பெயர் நெடுநாள் வழங்கியது. அந்தக் கிராமங்களில் குடியிருந்தவர்களுக்குத் தங்கள் ஊர் விலைபோனது தெரியவந்தது குண்டு விழுந்த பிறகுதான். அதே ஆண்டில் டச்சுக்காரர் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். செயின்ட் டேவிட் என்று பெயர் மாறிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலேயரிடம் நிலைத்தது.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக் கம்பெனி தளர்ந்து, ஆங்கிலேயருக்கு எதிராளியாகப் பிரெஞ்சுக்காரர் முன்னுக்கு வந்தார்கள். போர்க்களம் உள்நாட்டுக்கு நகர்ந்தது. 1757இல் திருவண்ணாமலை பிரெஞ்சுக்காரர் வசமானது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சு அதிகாரம் நொறுங்கியது. அதே ஆண்டு ஆங்கிலேயர் திருவண்ணாமலையைப் பிடித்தார்கள். 1767 செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் மைசூரின் ஹைதர் அலி, நிஜாம் கூட்டுப்படையோடு மோதிய ஆங்கிலேயக் கர்னல் ஜோசப் ஸ்மித், அரிசி கிடைக்கும் என்று நம்பித் திருவண்ணாமலைக்கு வந்தார். எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை. அந்த மாதம் முழுவதும் படைகள் தானியம் தேடி இந்த வட்டாரத்தைச் சுற்றின. 26ஆம் தேதி திருவண்ணாமலைக்கு அருகே நடந்த போரில் ஸ்மித் வென்றார் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்த மாதத்தில் குடியானவர் வீட்டுக் குதிரில் எவ்வளவு நெல் மிஞ்சியிருக்கும் என்பதும் அந்தப் போரின் வரலாறுதான்.

டச்சுப் பெயர் கடைசியாக ஒருமுறை பெரிதாக அடிபட்டது 1780க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூலையில் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். திருவண்ணாமலையும் அவர் கைக்குப் போனது. ஆரணியைப் படைக் கிடங்காக்கினார். அமெரிக்கப் புரட்சியை ஒட்டி ஐரோப்பாவில் பிரிட்டனும் ஹாலந்தும் போர் அறிவித்துக்கொண்டன. நாகப்பட்டினத்து டச்சு கவர்னர் வான் ஃப்ளிஸ்ஸிங்கன் 1781இல் ஹைதரோடு உடன்படிக்கை செய்தார். சதுரங்கப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் ஆங்கிலேயர் அதே ஆண்டு பிடித்தார்கள். நவம்பரில், ஹெக்டர் மன்றோ தலைமையிலான ஆங்கிலப் படையிடம் நாகப்பட்டினமும் வீழ்ந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் இடையில் கிளம்பிய சண்டை செங்கம் கணவாயிலும் தஞ்சை வயல்களிலும் தீர்க்கப்பட்டது. ஹைதரின் குதிரைப்படை தஞ்சைச் சீமையில் ஆடுமாடுகளையும் ஆட்களையும் ஓட்டிச் சென்றது. குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1782 அக்டோபரில் சென்னையைத் தாக்கிய புயலில் அரிசிக் கப்பல்கள் மூழ்கின. உள்நாட்டிலிருந்து அகதிகளாக வந்து நகரத்தை நிறைத்திருந்தவர்கள் தெருக்களில் செத்து விழுந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பின்னாளில் பெயர்பெற்ற கஞ்சித்தொட்டி அந்தப் பஞ்சத்தில்தான் உருவானது. ஹைதரைக் கொடியவர் என்றோ ஆங்கிலேயருக்கு அஞ்சாத வீரர் என்றோ சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் அந்தப் போரில் செத்தவர்களை எந்தத் தரப்பும் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பிரிட்டனோடு செய்த 1784 உடன்படிக்கையில் டச்சுக்காரர் நாகப்பட்டினத்தை விட்டுக்கொடுத்தார்கள். நெசவூர்களில் அதன் விளைவு மெல்ல மெல்லத் தெரிந்தது. ஆங்கிலக் கம்பெனி இப்போது வியாபாரி மட்டுமில்லை, வரி வசூலிக்கும் அரசும் அதுதான். இடையில் இருந்த செட்டி வியாபாரிகளை ஒதுக்கிவிட்டுக் குமாஸ்தாக்களை வைத்து நேரடியாக முன்பணம் கொடுத்தது. முன்பணம் வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழக்கத்தைத் தடுத்தது. வேறு வியாபாரிக்கு நெய்தால் தண்டனை, தறி வாசலில் சேவகன் காவல். தறியைக் கட்டிக்கொண்டு வேறு சீமைக்குப் போகலாம் என்றால், போகிற சீமையும் அதே கம்பெனியுடையதாகிவிட்டது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தபோது திருவண்ணாமலையும் அதில் அடக்கம். லங்காஷயர் ஆலைத்துணி வந்து நம் நெசவை அழித்தது என்று சொல்கிறோம். அது வந்து சேர்வதற்கு முன்பே நெசவாளியின் பேரம்பேசும் கை கட்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1824 மார்ச் 17 அன்று லண்டனில் இரு அரசுகளும் கணக்கைத் தீர்த்துக்கொண்டன. மலாக்காவும் இந்தியாவில் மிச்சமிருந்த டச்சுக் குடியிருப்புகளும் பிரிட்டனுக்கு. சுமத்ராவின் பென்கூலன் ஹாலந்துக்கு. மலாய் உலகத்தின் நடுவே ஒரு கோடு விழுந்தது. 1825 மார்ச்சில் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் கைமாறின.

போட்டி ஒப்பந்தமாக மாறியபின் ஆள் ஏற்றுமதியும் ஒப்பந்தமாக மாறியது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டார்கள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நேட்டாலுக்குப் போன தமிழரில் ஆர்க்காட்டுச் சீமைக்காரர் ஏராளம். 1870இல் பிரிட்டனும் ஹாலந்தும் தனி உடன்படிக்கை எழுதி, பிரிட்டிஷ் இந்தியக் கூலிகளை டச்சு சுரினாமுக்குக் கொண்டுபோக வழிசெய்தன. முதல் கப்பல் ‘லல்லா ரூக்’ கல்கத்தாவிலிருந்து 1873 ஜூனில் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் தமிழர்கள் பினாங்கு வழியாகச் சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு, டச்சு முதலாளிகளிடம் வேலைக்குப் போனார்கள். மேடான் நகரத்தில் அவர்கள் குடியேறிய பகுதிக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். அங்கே அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் பூசை தொடர்ந்து நடக்கிறது.